பன்னிரண்டாம் வசனம்

நர்ஸ் விடுதி,
8 பிப்ரவரி 1959

கர்த்தருக்குள் அன்பான அத்தான் அவர்களுக்கு,

ரத்தினம்மா எழுதுவது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் உங்கள் அறைக்கும் என் விடுதிக்கும் நடந்தால் அரை மணி நேரம்தான். இருந்தும் தபால்தலை ஒட்டுகிறேன். நேரில் வந்தால் நீங்கள் கதவைப் பாதி திறந்து "என்ன விஷயம்?" என்பீர்கள், வந்த விஷயம் எனக்கு மறந்துவிடும். அக்கா உயிரோடு இருந்தவரை அவள் வந்து மீதிக் கதவைத் திறப்பாள்.

ஆறு வருடத்துக்கு முன் நீங்கள் விட்டுவிட்டுப் போன ஞாயிறு வேதபாட வகுப்பை, நான் மலாக்காவிலிருந்து மாற்றலாகி வந்தது முதல் நான்தான் நடத்துகிறேன். "ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு எசேக்கியேல் ஒரு கேடா" என்று நீங்கள் கேட்டதும் என் காதுக்கு வந்தது. அதில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வார்டில் மங்களம் என்று ஒரு பயிற்சி நர்ஸ். இந்துப் பெண். தோழிகளோடு வகுப்புக்கு வந்து உட்காருவாள். போன வாரம் கேட்டாள்: "அக்கா, கடவுள் எல்லாத்தையும் நல்லதா படைச்சாருன்னா பிசாசு எங்கேருந்து வந்துச்சு?" அவன் முதலில் பெரிய தேவதூதன், பெருமையால் கெட்டான், கீழே தள்ளப்பட்டான் என்று சிறு வயதில் கேட்டதைச் சொன்னேன். "அது எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க" என்றாள். பைபிளின் முதல் பக்கங்களில்தான் என்று புரட்டினேன். இல்லை. ஒரு வாரமாகத் தேடுகிறேன். இல்லவே இல்லை, அத்தான். அந்தக் கதையை எனக்கு யார் சொன்னது என்றுகூட நினைவில்லை.

உங்கள் நீல அட்டை நோட்டில் இதெல்லாம் எழுதி வைத்திருப்பதாக அக்கா சொல்லியிருக்கிறாள். இரவல் கிடைக்குமா?

இன்னொன்று. உங்கள் பழைய சிநேகிதர் தனசேகரன் அண்ணனின் பேத்திக்கு எட்டு மாதம் ஆகிறது, இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அவர் மகள் சுகிர்தம் சிறுமியாக இருந்தபோதே, அவளுக்குப் பிறக்கும் முதல் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நீங்கள்தான் நிற்பீர்கள் என்று வாக்குக் கொடுத்தீர்களாம். "வேதமாணிக்கம் வராம அந்தப் பிள்ளை தலையில தண்ணி படாது" என்று உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொல்லும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

ரத்தினம்மா


ரேஸ் கோர்ஸ் ரோடு,
15 பிப்ரவரி 1959

ரத்தினம்மாவுக்கு,

நோட்டு தருவதற்கில்லை. அந்த வகுப்பிலிருந்து என்னைத் துரத்தினார்கள். என் நோட்டு அந்த அறைக்குள் மறுபடி நுழைய வேண்டியதில்லை. தனசேகரனைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

ஆனால் "எந்தப் பக்கம்?" என்று கேட்ட அந்தப் பெண்ணை நான் மதிக்கிறேன். பதினேழு வருடம் அந்த வகுப்பை நடத்தினேன். ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. அவளுக்காக எழுதுகிறேன்.

ஆதியாகமத்தின் பாம்பு பாம்புதான். காட்டு ஜீவன்களிலெல்லாம் தந்திரமுள்ளது என்றுதான் இருக்கிறது. பிசாசு என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. யோபுவின் சாத்தான் பரலோகச் சபையில் மற்றவர்களோடு வந்து நிற்கிறான். குற்றம் சாட்டுவது அவன் உத்தியோகம். அனுமதி கேட்டுத்தான் காரியம் செய்கிறான். விழுந்தவனாகவோ தள்ளப்பட்டவனாகவோ அவன் அங்கே தெரியவில்லை. பிசாசு என்று பலர் சொல்லும், வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளி ஏசாயாவில் வருகிறது. அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து படி: அது பாபிலோன் ராஜாவைப் பார்த்துப் பாடிய ஏளனப் பாட்டு. செத்துப்போன ராஜாக்களெல்லாம் பாதாளத்தில் எழுந்திருந்து, நீயும் எங்களைப்போல ஆனாயோ என்று அவனைக் கேட்கிறார்கள். என்ன கவிதை அது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஏதேனில் உலாவிய கேருபு என்ற தேவதூத உரு எசேக்கியேலில் வருகிறது. அதுவும் தீருவின் ராஜா. தீரு என்பது கடல் நடுவே ஒரு துறைமுகம். கப்பலும் சரக்கும் பெருகப் பெருக அவன் மனம் மேட்டிமையானது என்கிறார் தீர்க்கதரிசி. நம் துறைமுக ஊர்க்காரர்கள் மாதம் ஒரு முறை படிக்க வேண்டிய அதிகாரம்.

இந்த நாலும் நாலு ஊர்த் துணி. பிற்காலத்தார் இவற்றைத் தைத்து ஒரே சட்டையாக்கி ஒருவனுக்குப் போட்டார்கள். வெளிப்படுத்தலில்தான் பழைய பாம்பும் பிசாசும் சாத்தானும் ஒருவனே என்று முதல் தடவை வெளிப்படையாக வருகிறது. அது பைபிளின் கடைசிப் புத்தகம்.

இதை நான் 1953இல் லெந்து நோன்புக் காலத்து முதல் ஞாயிறன்று சபையில் சொன்னேன். அதற்கு எனக்குக் கிடைத்த கூலி உனக்குத் தெரியும்.

சா. வேதமாணிக்கம்


நர்ஸ் விடுதி,
1 மார்ச் 1959

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன், கடைசி இரண்டு வரியை விட்டுவிட்டு. பதினாறு பேர் இருந்தார்கள். தீருவைப் பற்றிப் படித்தபோது, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கணக்கராக இருக்கும் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். முடிந்ததும் மங்களம், "இவரு ஏன் இங்க வர்றதில்ல?" என்றாள்.

நீங்கள் சொன்ன எல்லா அதிகாரத்தையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

போன வருடம் எங்கள் வார்டுக்கு ஒரே வாரத்தில் கத்திக்குத்துப்பட்ட நாலு பேர் வந்தார்கள். ஒருவர் கேலாங், ஒருவர் தேக்கா, மற்ற இருவர் எங்கோ. ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். டாக்டர் காயங்களின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்துவிட்டு, "ஒரே கத்தி" என்றார். அவர் எதையும் தைத்து ஒட்டவில்லை. காயத்தைத்தான் பார்த்தார். பாபிலோன்காரன் வேறு, தீருக்காரன் வேறு, ஏவாளிடம் பேசிய பாம்பு வேறு. ஆனால் "வானத்துக்கு ஏறுவேன்" என்கிறான் ஒருவன், "நான் தேவன்" என்கிறான் இன்னொருவன், "தேவர்களைப்போல் ஆவீர்கள்" என்கிறது பாம்பு. அகலமும் ஆழமும் ஒன்றாக இருக்கிறதே, அத்தான். பிற்காலத்தார் காயங்களை அளந்து பார்த்துத்தான் கத்தி ஒன்று என்று சொன்னார்களோ? சாத்தான் மின்னலைப்போல விழுந்ததைக் கண்டேன் என்று ஆண்டவரே லூக்காவில் சொல்கிறார். எப்போது, எதற்கு விழுந்தான் என்று சொல்லவில்லை. விழுந்ததைக் கண்டேன், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்போல் இருக்கிறது.

யோபுவில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சாத்தான் முதல் இரண்டு அதிகாரத்தில் வருகிறான், பிறகு காணவே காணோம். யோபு பேசுகிறார், சிநேகிதர்கள் பேசுகிறார்கள், கடவுளே பேசுகிறார். ஒருவரும் அவன் பெயரை எடுக்கவில்லை. தன்மேல் குற்றம் சாட்டியவன் ஒருவன் இருந்தான் என்று யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது.

ரத்தினம்மா


ரேஸ் கோர்ஸ் ரோடு,
8 மார்ச் 1959

அன்புள்ள ரத்தினம்மா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பாளையங்கோட்டையில் எனக்கு வேதசாஸ்திரம் சொல்லித்தந்த வெள்ளைக்காரர் மூன்று பாஷை அறிந்தவர். அவர் சொல்லாததை நீ சொல்லிவிட்டாய். யோபு கடைசிவரை அறியவில்லை என்பதை முப்பது வருடமாக அந்தப் புத்தகத்தைப் படிக்கும் நான் கவனித்ததே இல்லை. கத்தியை நான் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் அதற்கு எதிராக எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன். ஏழாம் வகுப்பைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நான் எதையும் திரும்பப் பெற்றதில்லை என்று உன் அக்கா சொல்லியிருப்பாள்.

நீல நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். முப்பதாம் பக்கத்தில் டீக்கறை இருக்கும், அது அவள் வைத்தது. துடைக்காதே.

ஆனால் ஞானஸ்நானத்துக்கு வர மாட்டேன். ஏன் என்று ஒரே ஒரு முறை எழுதுகிறேன். அன்று நான் பேசி முடிக்கும்வரை தனசேகரன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டே இருந்தான். இது ஒன்று. எல்லாரும் டீக்கு நின்றார்கள், அவன் கைகூடக் கொடுக்காமல் போனான். இது இரண்டு. வியாழக்கிழமை பழைய போதகரிடமிருந்து சீட்டு வந்தது: "ஞாயிறன்று நீர் பேசியதைக் குறித்து உம்முடன் பேசவேண்டும். தனசேகரனும் இருப்பார்." இது மூன்று. விசாரணைக் கூண்டில் ஏறி நிற்க நான் போகவில்லை. ஆறு பக்கத்தில் பதில் எழுதி, வகுப்பை ராஜினாமா செய்தேன். அதற்கு ஒரு வரி பதில் இல்லை. இரண்டாம் மாதம் அவன் சபைக் கமிட்டி காரியதரிசி ஆனான். இது நாலு. அவன் எனக்கு இரண்டு கடிதம் அனுப்பினான். பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன்.

இருபது வருடம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், ரத்தினம்மா. அவன் நேருக்கு நேர் என்னோடு சண்டை போட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

வேதமாணிக்கம்


நர்ஸ் விடுதி,
5 ஏப்ரல் 1959

அன்புள்ள அத்தான்,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

வகுப்புக்கு வசனங்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று டன்லப் வீதியில் ரவூப் பாயின் அச்சகத்துக்குப் போனேன். சபைப் பத்திரிகை இன்னும் அங்கேதான் அச்சாகிறது. தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, மறுபடியும் இந்த ஆளா?"

"எந்த ஆள் பாய்?"

"சைத்தான்தான் லா. எங்க பக்கம் இப்லீஸு ஆதத்துக்குத் தலை குனிய மாட்டேன்னான், போடான்னாங்க, கதை முடிஞ்சுது. நீங்க இன்னும் அட்ரஸ் தேடிக்கிட்டு இருக்கீங்க. அம்பத்து மூணுலயே உங்க பத்திரிகைக்கு இதே விஷயத்தை எழுத்துக் கோத்து வச்சேன். நாலு பக்கம். பிறகு போதகர் வந்து வேண்டாம்னுட்டார். எழுத்தெல்லாம் பிரிச்சுப் போட வேண்டியதாச்சு."

அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். அச்சாகாமல் நின்றுபோனதையெல்லாம் அவர் சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். "நாளைக்கு எவனாவது வந்து நான் குடுத்தேனே எங்கேம்பான், அதுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே மேலிருந்து ஒவ்வொன்றாக உருவினார். கல்யாணப் பத்திரிகை, சங்க அறிக்கை, அதற்கும் கீழே இது.

புரூஃப் தாளையும், அதோடு பின் குத்தியிருந்த கையெழுத்துப் பிரதியையும் அனுப்புகிறேன். கையெழுத்து யாருடையது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான், அத்தான். நீங்கள் பேசப்பேச வரிக்கு வரி. தலைப்பின் கீழே பாருங்கள்: "பேசியவர்: ஆசிரியர் சா. வேதமாணிக்கம். நம் சபையில் இதுவரை கேட்டவற்றுள் ஆகச் சிறந்த பேச்சு." ஓரத்தில் பழைய போதகர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "அச்சிடுமுன் வேதமாணிக்கம் ஒருமுறை பார்க்கட்டும். வியாழன் அவருக்குச் சீட்டு அனுப்ப வேண்டும்."

போதகர் ஈப்போவில் காலமாகி மூன்று வருடம் ஆகிறது, அவரைக் கேட்க முடியாது. அதனால் செம்பவாங் போய் தனசேகரன் அண்ணனைக் கேட்டேன். ஏன் கை கொடுக்காமல் போனீர்கள் என்றேன். அவர் சொன்னார்: "கடைசி பஸ்மா. ஞாயித்துக்கிழமை செம்பவாங்குக்கு அஞ்சு மணிக்கு மேல கெடைக்காது." பிறகு, "நான் என்ன தப்பு பண்ணேன்னு அவன் சொல்லவே இல்லியே. ரெண்டு லெட்டரும் அப்படியே திரும்பி வந்துச்சு. அவன் பாத்துச் சரின்னு சொல்லாததால போதகர் அச்சை நிறுத்திட்டாரு. நான் கேட்டு எழுதுனதுல ஏதோ தப்பு இருக்குன்னு நெனச்சேன். அவன் பேச்சை நான் சரியா எழுதலியோன்னு" என்றார். அத்தான், நீங்கள் அவரைக் குற்றம் சாட்டியிருக்கிறீர்கள் என்பதே அவருக்கு என் வாயால்தான் தெரிந்தது.

ரத்தினம்மா


ரேஸ் கோர்ஸ் ரோடு,
10 மே 1959

ரத்தினம்மா,

புரூஃபைத் திருத்தி அனுப்புகிறேன். பதினோரு அச்சுப்பிழை, சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் எசேக்கியேலைப் பற்றி நான் சொன்னதை அவன் சுருக்கிவிட்டான். அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. மற்றபடி என் பேச்சு நான் பேசியதைவிட அவன் கையில் நன்றாக இருக்கிறது. தடுமாறிய இடங்களை அவன் சொல்லாமல் நேராக்கியிருக்கிறான். ஒரு மனிதனின் பேச்சை இத்தனை அன்போடு கேட்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

பதில் எழுத ஐந்து வாரம் ஆனதற்குத் தேர்தல் லாரிகளின் ஒலிபெருக்கியைக் காரணமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அது காரணம் இல்லை.

வருவதற்கில்லை. எந்த முகத்தோடு அந்த ஞானஸ்நானத் தொட்டியருகே நிற்பேன்? பிள்ளைக்காக ஞானத்தகப்பன் பிசாசைத் துறக்க வேண்டும். அவன் எங்கிருந்து வந்தான் என்று நாலு பக்கம் பேசியவன் அந்தக் கேள்விக்கு வாய் திறந்தால் தனசேகரன் சிரிக்க மாட்டானா? சிரிக்காவிட்டால் அது இன்னும் மோசம்.

வேறு யாரையாவது நிறுத்தச் சொல்.

வேதமாணிக்கம்


நர்ஸ் விடுதி,
14 மே 1959

அன்புள்ள அத்தான்,

உங்கள் நோட்டை முழுதும் படித்துவிட்டேன். இப்படி ஒரு மூளை இந்த ஊரில் இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. பாம்பு ஒரு ஊர், ராஜா ஒரு ஊர், அவசரப்பட்டு ஒன்றாகத் தைக்காதே, ஒவ்வொரு அதிகாரத்தையும் அதன் தொடக்கத்திலிருந்து படி என்று எங்களுக்குச் சொன்னது யார்? குனிந்து எழுதினார், கை கொடுக்கவில்லை, சீட்டு வந்தது, காரியதரிசி ஆனார். நாலு ஊர்த் துணி. ஆறு வருடமாக அதைத் தைத்துத் தனசேகரன் அண்ணனுக்குப் போட்டுவிட்டீர்கள். நான் சொன்ன கத்தியும் இங்கே கிடையாது அத்தான், காயத்தை அளந்து பார்த்துவிட்டேன். ஒன்று கடைசி பஸ்.

அதிகம் பேசிவிட்டேன். அக்கா இருந்தால் இதையே இரண்டு வார்த்தையில் சொல்லியிருப்பாள்.

ஜூன் 7, ஞாயிறு, காலை ஒன்பதரை மணி. பிள்ளைக்கு எஸ்தர் என்று பெயர் வைக்கிறார்கள். நேற்று செம்பவாங்கில் தனசேகரன் அண்ணனைக் கேட்டேன், அத்தான் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. "அடுத்த வருஷம் நடந்தே வந்து நிக்கும்மா அந்தப் புள்ள. அப்ப அது வாயாலயே கேக்கட்டும்" என்றார்.

ரத்தினம்மா


ரேஸ் கோர்ஸ் ரோடு,
8 ஜூன் 1959

அன்புள்ள ரத்தினம்மா,

நீ முன் வரிசையில் இருந்தாய், பின்னால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எட்டரைக்கே வந்துவிட்டேன். உள்ளே வரக் கால் வரவில்லை, வாசலில் நின்றேன். தனசேகரன் என்னைப் பார்த்துவிட்டு நேரே வந்தான். அவன் தலை முழுக்க நரைத்திருக்கிறது. அதை யாரும் எனக்கு எழுதவில்லை. என்ன சொல்வதென்று ஒரு மாதமாக வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். அவன், "பஸ்ஸுலயா வந்த?" என்றான். "ரேஸ் கோர்ஸ் ரோட்டுலேருந்து எதுக்குடா பஸ்?" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. கை கொடுத்தான். விட நேரமாயிற்று.

பிறகு நீ பார்த்ததுதான். போதகர், பிசாசையும் அவன் கிரியைகள் எல்லாவற்றையும் வெறுத்துவிடுகிறீரா என்று கேட்டார். "வெறுத்துவிடுகிறேன்" என்றேன். குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. பிள்ளை தூக்கிப்போட்டு விழித்து என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டதல்லவா, அப்போது பக்கத்திலிருந்து அவன் மெதுவாக என்னிடம் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது: "ஸ்கூல்னு நெனச்சியா, மெதுவாடா."

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, நான் திருப்பி அனுப்பிய இரண்டு கடிதங்களையும் கொண்டுவந்து கொடுத்தான். ஆறு வருடமாக அப்படியே வைத்திருந்திருக்கிறான், ஒட்டியது ஒட்டியபடி. ராத்திரி பிரித்தேன். இரண்டாவதில், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறான். முதலாவதில் இருந்தது இரண்டே வரி:

"விடிவெள்ளி ஏசாயா பதினாலில் பன்னிரண்டாம் வசனமா, பதிமூன்றா? வேகமாக எழுதினதில் தெளிவாக இல்லை, நீ சொன்னால்தான் அச்சுக்குப் போகும்."

நிறைய எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு பக்கம் எழுதக்கூடியவன் என்பது உனக்குத் தெரியும். இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் அவன் கடிதத்துக்குப் பதிலைத் தபாலில் சேர்த்தேன்.

"பன்னிரண்டு. அச்சுக்குப் போகட்டும்."

அன்புடன்,
அத்தான்